ஒரே சரக்கு, எட்டுச் சீட்டு

செத்துப்போன மாமியார் பெயரில் ஒரு சரக்கு புக் ஆகியிருந்தது.

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு லாரி செட்டின் புக்கிங் மேசையில் வந்து உட்கார்ந்த சின்னவளுக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். காலையில் மேனேஜரே உட்கார்ந்து போட்ட சீட்டுகள் கம்பியில் குத்திக் கிடந்தன. அவற்றை உருவி, ஊர் வாரியாகப் பிரித்து, சாயங்கால லாரிக்கு அடுக்கிக் கொடுப்பது அவள் வேலை. மாமியார் பெயரைப் பார்த்ததும் வேறு யாரோ அதே பெயர்க்காரி என்று நினைத்து அடுத்ததை உருவினாள். மாமனார் பெயர். அதற்கடுத்தது புருஷனின் அண்ணன். அப்புறம் அண்ணன் பெண்டாட்டி. அவர்களுடைய பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கொரு சீட்டு. அதில் மூத்ததுக்கு இன்னும் பால்பல் முழுசாக விழவில்லை. பிறகு அவள் புருஷன். கடைசிச் சீட்டில் அவளே. அவளுக்கே தெரியாமல் அவள் ஒரு மூட்டை சரக்கு அனுப்புகிறாள்.

எட்டுக்கும் ஒரே ஊர், ஒரே கடை. எட்டிலும் கட்டணம் ஒரே தொகை.

யாருடைய மூளை இது என்று கேட்கவே வேண்டாம்.

மாமனாருக்குத் தெருவில் மீட்டர் என்று பெயர். வீடு ஒன்று, கரண்டு மீட்டர் மூன்று. கொஞ்சமாக எரித்தால் யூனிட்டுக்குக் குறைந்த விலை, அதிகமாக எரித்தால் கூடுதல் விலை என்று மின்சார ஆபீஸ் சட்டம் போட்ட அன்றைக்கே, மனுஷன் மகன்கள் இருவர் பெயரிலும் தனித்தனி மீட்டர் வாங்கிவிட்டார். மாசக் கடைசியில் எந்த மீட்டரில் இடம் மிச்சமோ அந்தப் பக்கம் ஃபிரிட்ஜுக்கு ஒயர் இழுப்பார். ஒயர் தடுக்கி விழுந்து பெரியவளுக்கு ஒருமுறை கை பிசகியபோதுகூட, கையைப் பார்ப்பதற்கு முன்னால் பிளக்கைத்தான் பார்த்தார். சர்க்காரையே ஏமாற்றிய ஆள் என்று தன்னைப் பற்றி அவருக்கு ரொம்பப் பெருமை.

அந்த வீட்டில் மூத்த மருமகள் பெரியவள், இளைய மருமகள் சின்னவள். சொந்தப் பெயரெல்லாம் பள்ளிக்கூடத்தோடு போயிற்று. வீட்டுக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை. அப்பனும் மகன்கள் இருவரும் அதில் கடைகளுக்கான கம்பி ஸ்டாண்டு அடிக்கிறார்கள், பாக்கெட்டுகளைத் தொங்கவிடுகிற ஸ்டாண்டு. இத்தனை வருஷமும் உள்ளூர்க் கடைகள்தான். வெளியூரில் புதிதாகத் திறக்கப்போகிற ஒரு கடையிலிருந்து வந்த முதல் வெளியூர் ஆர்டர் இது. கடை வாசலில் இறக்குகிற செலவையும் சேர்த்து மாமனார் ஒரே விலையாகப் பேசி முடித்திருந்தார். அதாவது லாரிச் செலவு ஏறினால் ஏறுகிற ஒவ்வொரு காசும் அவருடைய லாபத்தில் கை வைக்கும்.

அந்த லாபத்தின் மேல்தான் சின்னவளின் உயிரே தொங்கிக்கொண்டிருந்தது. ஆர்டர் நல்லபடியாகப் போனால் தனிக்குடித்தனத்துக்கு முன்பணம் தருவதாக மாமனார் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். டயர் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு அடுப்படி, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். அந்த அறையின் சொந்தக்காரர் நாளைக் காலை வரைதான் பொறுப்பேன் என்றார். உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள அறை என்பது அந்த வீட்டில் குளியலறை ஒன்றுதான். அங்கேயும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் இருந்தால் மாமனார் கதவைத் தட்டி எந்த மீட்டரில் லைட் எரிகிறது என்று கேட்பார்.

அவள் சீட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எட்டுப் பெயர் சொல்லி எட்டுச் சீட்டு கேட்டால் எட்டுச் சீட்டு போடுவதுதான் என் வேலை, குடும்ப அட்டையைக் காட்டு என்று கேட்பதா என்றார். அந்த ஆள் மொத்தத் தொகையைக்கூடக் கேட்கவில்லையாம். சாயங்காலம் வந்து கட்டுகிறேன் என்று சிரித்துக்கொண்டே போனாராம். போகும்போது, உங்க ஆளுங்களுக்குக் கணக்குத் தெரியாது போல என்று நக்கல் வேறு.

கணக்கு யாருக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். லாரிக்குக் கட்டுகிற பணத்தில் ஏற்றுகூலி, இறக்குகூலி, வாசல் வரை கொண்டுபோகிற கூலி எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொள்பவை. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அடிக்கட்டணம். தூரத்தையும் எடையையும் வைத்து அதைப் போடுவார்கள். எடை கூடக் கூட கிலோவுக்கு விலை குறையும். கரண்டுக்கு நேர் எதிர். எடை எவ்வளவு குறைந்தாலும் ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தரை உண்டு, அதற்குக் கீழே இறங்காது. மொத்தச் சரக்கையும் ஒரே சீட்டாகப் போட்டிருந்தால் அந்தத் தரைக்குக் கொஞ்சம் மேலே வந்திருக்கும். மீட்டர் அதை எட்டாக உடைத்து, எட்டுத் தரைக்குக் காசு கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் அவள் சொல்லத்தான் செய்தாள், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ஒரே சீட்டாகப் போடுங்கள் என்று. உன் முதலாளிக்கு நீ பரிந்து பேசுவது எனக்குப் புரிகிறது, சோற்றைப் போடு என்றார் அவர்.

புருஷனுக்குப் போன் போட்டுத் தொகையைச் சொன்னாள். எல்லாச் சீட்டையும் ரத்து செய்து ஒன்றாகப் போடலாம், ஆனால் பெயர் உள்ளவர்கள் அத்தனை பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். முன்பு ஒரு கூட்டாளி இன்னொரு கூட்டாளியின் சரக்கை ரத்து செய்து ஓட்டிக்கொண்டு போய், செட்டு முதலாளி போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதிலிருந்து வந்த சட்டம் அது. யார் கொண்டுவந்தாலும் சரக்கை ஏற்றலாம். பெயருக்குரியவர் வந்தால்தான் இறக்கலாம். மேனேஜர் அந்தச் சட்டத்தைத் தன் பெண்டாட்டிக்குக்கூட வளைக்க மாட்டார்.

பட்டறை வண்டியில் நாலு பேரும் வந்து இறங்கினார்கள். முன்னால் மாமனார், கையில் பணப்பை. அவருக்குப் பின்னால் மகன்கள் இரண்டு பேரும் கரிப்படிந்த சட்டையோடு. கடைசியில் பெரியவள், அடுப்படியிலிருந்து அப்படியே கிளப்பிக் கூட்டிவந்தது போல, முந்தானையில் கை துடைத்தபடி.

மாமனார் நேரே மேசைக்கு வந்தார். சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். எண்கள் எட்டும் ஒன்றுபோல இருந்ததுதான் அவரை அதிகமாக எரித்தது.

"அந்தப் பொடியன் பேர்ல இருக்கறது ஒரு கைப்பிடி கம்பி. அவன் அப்பன் பேர்ல இருக்கறது முழுக்கட்டு. ரெண்டுக்கும் ஒரே காசா? யாரு போட்ட கணக்கு இது, நீயா?"

"காலையில நான் இல்ல மாமா. மேனேஜர் போட்டது. யாரு போட்டாலும் இதான் வரும்."

"கொறச்சலா ஏத்துனா கொறச்சலா வாங்கணும். அதுதான் நியாயம்."

"கரண்டு தானா கம்பியில வந்துரும். இத ஆள் தூக்கணும், எடை போடணும், சீட்டு எழுதணும், லாரியில எடம் பிடிக்கணும், அங்க போயி தேடி எடுத்து இறக்கணும். கைப்பிடி கம்பிக்கும் அதே வேலை, கட்டுக் கம்பிக்கும் அதே வேலை. அதுக்குத்தான் சீட்டுக்கு இவ்வளவுன்னு வெச்சிருக்காங்க. நீங்க எட்டுத் தடவை செலவு வெச்சிருக்கீங்க."

அவர் பெரிய மகன் பக்கம் திரும்பி, வீட்டில் இருந்துகொண்டே வெளியாளுக்கு வேலை பார்க்கிற ஜென்மங்கள் உண்டு என்றார். பிறகு தராசைப் பார்த்துக்கொண்டு, லாபம் மொத்தமும் லாரிக்குப் போகிறதென்றால் முன்பணம் கிடையாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். யாரிடம் சொல்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. சின்னவளின் புருஷன் தன் செருப்பைப் பார்த்தான். அவன் எப்போதும் அந்தச் செருப்பைத்தான் பார்ப்பான்.

சின்னவள் ரத்துத் தாள்களை மேசையில் பரப்பினாள். அவர் முதலில் கையெழுத்துப் போட்டார், பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி. மாமியாரின் தாளை மேனேஜர் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவர்கள் எங்கே என்று கேட்டார். மாமனார் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்தார். இறந்துட்டாங்க என்று சின்னவள் சொன்னாள். மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலையில உயிரோட இருந்தாங்களே என்றார். லோடு ஏற்றுகிறவர்கள் இரண்டு பேர் மூட்டைக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்கள். செத்தவர் வந்து ரத்து செய்ய முடியாது, அந்தச் சீட்டு இருந்தபடியே போகட்டும் என்று மேனேஜர் அதைத் தனியே எடுத்து வைத்தார்.

பெரியவன் தனக்கும், அப்பன் என்ற முறையில் பிள்ளைகள் இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டான். பேனாவைப் பெண்டாட்டியிடம் நீட்டினான்.

பெரியவள் வாங்கவில்லை.

"நான் போடமாட்டேன்."

பெரியவன் அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். அவள் அவனைத் தள்ளிவிட்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என் பேர்ல இருக்கற சரக்கு எனக்குச் சொந்தம். அப்படித்தானே சார் உங்க சட்டம்?"

சட்டப்படி அப்படித்தான் என்றார் மேனேஜர். மாமனார் வாயைத் திறந்தார். அதற்குள் பெரியவள் முந்திக்கொண்டாள். இத்தனை வருஷம் அந்த வீட்டில் தன் பெயரில் ஒரு சல்லிக்கரண்டிகூட இல்லை, இன்றைக்குத்தான் முதன்முதலாக ஏதோ இருக்கிறது, அதையும் ரத்து செய்யக் கூப்பிடுகிறீர்கள் என்றாள். பிறகு சின்னவள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாருக்கும் முன்னால சொல்லு. தனிக்குடித்தனம் போகலன்னு சொல்லு. இப்பவே போட்டுத் தர்றேன்."

"அதுக்கும் இதுக்கும் என்னக்கா?"

"என்னவா? நீ கதவச் சாத்திட்டுப் போயிருவ. இந்தக் கெழவனுக்கு மூணு வேளையும் ஆக்கிப் போட்டு, அவரு துணிய அலசி, அவரு இழுக்கற ஒயர்ல தடுக்கி விழுந்து சாகறது நானு. இங்க வந்து உக்காந்து பேனா பிடிக்கறேன்னு நீ பாதி வேலையத் தட்டிக்கழிக்கற. மிச்சப் பாதியையும் என் தலையில கட்டிட்டுப் போவியா?"

அதில் பொய் ஒன்றும் இல்லை. சின்னவளுக்கே அது தெரியும். தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது. தான் பேனா பிடிப்பது அந்த வீட்டுக்கு மாசம் பிறந்தால் மளிகைச் சாமானாக வருகிறது என்பதையும், பெரியவள் இந்தச் சண்டையைத் தன் புருஷனிடம் ஒருநாளும் போட்டதில்லை என்பதையும் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

வெளியே சாயங்கால லாரி பின்பக்கமாக வந்து மேடையில் ஒட்டி நின்றது. பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மாமனார் பெரியவளைக் கையெழுத்துப் போடச் சொல்லி மிரட்டினார். பெரியவன் கெஞ்சினான். பெரியவள் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள். மொத்த லாரியையும் தன் இடுப்பில் முடிந்து வைத்திருப்பவள் போல ஒரு நிமிர்வு அவள் முதுகில் வந்திருந்தது. அப்படி அவள் நின்று சின்னவள் பார்த்ததே இல்லை.

சின்னவள் பெரியவளின் சீட்டை எடுத்தாள். மாமியாரின் சீட்டு மேல் வைத்தாள்.

"சரிக்கா. போடாதீங்க."

"என்ன?"

"உங்க சீட்டு இருந்தபடியே போகட்டும். அத்தைக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. ரெண்டும் தனித்தனியா. மிச்ச ஆறையும் நான் ஒண்ணாப் போட்டுக்கறேன். எட்டு கட்ட வேண்டிய எடத்துல மூணு கட்டுறோம். உங்களால எங்களுக்கு ஆனது ஒரே ஒரு அடிக்கட்டணம்."

பெரியவளின் கைகள் தானாக அவிழ்ந்தன. அவள் அந்த இரண்டு சீட்டையும் பார்த்தாள். செத்தவளோடு சேர்த்துத் தன்னை அடுக்கியிருப்பதைப் பார்த்தாள். முகம் கறுத்துப்போயிற்று. மாமனார் வந்ததிலிருந்து முதன்முறையாகச் சிரித்தார். சின்ன மருமகளின் கெட்டிக்காரத்தனத்துக்காக அல்ல, பெரிய மருமகள் தோற்றதற்காக. அந்தச் சிரிப்பு சின்னவளுக்கு யார் மேலோ எச்சில் தெறித்தது போல இருந்தது.

ஆறு பேருடைய கட்டுகளையும் லோடுமேன்கள் தராசுக்குக் கொண்டுவந்து அடுக்கினார்கள். ஒரே சீட்டு என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று திருப்பி எழுத வேண்டும். அவள் புருஷன் ஒவ்வொன்றையும் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்தான். நிற்கிற கால், குறுக்குக் கம்பி, அடிவட்டம். கடைசியில் ஒரு சின்னச் சாக்கு. பிள்ளைகளுடையதை விட்டால் கனம் குறைந்தது எதுவோ அதைப் பார்த்து அவள் பெயருக்கு எழுதியிருந்தார் மாமனார்.

"இது கொக்கி," என்றான் அவன். "மொத்தக் கொக்கியும் இதுலதான்."

சின்னவள் எழுதுவதை நிறுத்தினாள். கொக்கி இல்லாமல் அந்த ஸ்டாண்டில் ஒரு பாக்கெட்டும் தொங்காது. கொக்கி இல்லையென்றால் ஆர்டரே வெறும் கம்பி. அந்த ஊருக்கு அடுத்த லாரி இனி அடுத்த வாரம்தான்; அதற்குள் அங்கே கடை திறந்துவிடுவார்கள்.

அவளுடைய ரத்துத் தாள் இன்னும் கையெழுத்தாகாமல் மேசையில் கிடந்தது. அவள் புருஷன் தனக்கானதைப் போட்டுவிட்டிருந்தான். அவள் தாளை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். எழுந்து போய் அந்தச் சாக்கைத் தராசிலிருந்து இறக்கித் தன் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, எட்டுச் சீட்டுக்குன்னு கொண்டாந்த பணம் உங்க கையில இருக்கு. மூணு சீட்டுக்குக் கட்டுனா மிச்சம் வரும். அந்த மிச்சம்தான் எங்க முன்பணம். இங்கேயே குடுங்க."

"சரக்கு போய்ச் சேரட்டும். பாக்கலாம்."

"அப்ப இது என்கூட வீட்டுக்கு வரட்டும். சரக்க அனுப்பிட்டு, பின்னாடி பாக்கலாம்."

மாமனார் சின்ன மகனைப் பார்த்தார். அடக்கு என்று அர்த்தம். சின்னவளும் அவனைப் பார்த்தாள். அவன் கண் வழக்கம்போலக் கீழே போயிற்று. ஆனால் இந்தமுறை செருப்பில் நிற்கவில்லை, சாக்கில் நின்றது. அவன் குனிந்து அதன் வாயைப் பிடித்து இறுக்கி முடிச்சுப் போட்டான். அவள் காலுக்குப் பக்கத்தில் இருந்ததை இன்னும் ஒரு சாண் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான். அவன் வாழ்நாளில் அப்பனை எதிர்த்துச் செய்த பெரிய காரியம் அது.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மேனேஜர், உங்க வீட்டுச் சண்டைய உங்க வீட்டுல வெச்சுக்குங்க, எனக்கு வண்டி கிளம்பணும் என்றார்.

மாமனார் பணப்பையைத் திறந்தார். மூன்று சீட்டுக்கு எண்ணி மேனேஜர் முன்னால் வைத்தார். மிச்சத்தை அவள் கையில் கொடுக்கவில்லை. தராசுத் தட்டில் போட்டார். தராசு முள் லேசாக ஆடி நின்றது.

"பொறுக்கிக்கோ. என் மகன் பட்டறைக்கு வரட்டும், சம்பளம் வாங்கட்டும். நீ என் வாசப்படி ஏறக்கூடாது."

"ஏறல மாமா."

அவள் பணத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். மடித்த தாளை வெளியே எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். சாக்கு தராசுக்குப் போயிற்று, தராசிலிருந்து லாரிக்குப் போயிற்று. செத்தவளின் கட்டும் பெரியவளின் கட்டும் தனி அடையாளத்தோடு கடைசியாக ஏறின.

பெரியவள் மேசை ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். குரலை இறக்கிச் சொன்னாள்.

"நான் பண்ணதத்தான் நீயும் பண்ணுன. எனக்கு மட்டும் சிரிப்பு, உனக்கு மட்டும் பணம்."

"ஆமாக்கா."

"என் கட்டுல என்ன இருந்துச்சு?"

"குறுக்குக் கம்பி. எல்லாரோடதுலயும் இருக்கறதுதான்."

பெரியவள் தலையை ஆட்டினாள். மன்னிப்பு மாதிரி ஏதாவது வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தால், சின்னவளிடம் அது இல்லை. இருந்திருந்தாலும் அதை அந்த மேசையில் வைத்துக் கொடுக்க மனம் வந்திருக்காது. மேனேஜர் அடுத்த ஊருக்கான சீட்டுகளைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார். அவள் குனிந்து பிரிக்கத் தொடங்கினாள்.

வாசலில் பட்டறை வண்டி உறுமியது. மாமனார் முன்சீட்டிலிருந்து தலையை வெளியே நீட்டினார்.

"பெரியவளே, வந்து ஏறு. ராத்திரிக்கு ஆக்க வேண்டாமா?"

பெரியவள் முந்தானையில் இன்னொருமுறை கையைத் துடைத்துக்கொண்டு போய், பின்பக்கம் கம்பி கிடக்கிற இடத்தில் ஏறி உட்கார்ந்தாள்.